‘குரு இல்லை, முறை இல்லை, கட்டணம் இல்லை’: திருவண்ணாமலை முகாமுக்குப் பணம் கட்டும் முன்

மார்கழி பிறந்தால் திருவண்ணாமலையில் சத்சங்க சீசன் களைகட்டிவிடும். ரமண நகர், செங்கம் ரோடு பக்கம் காபிக்கடைச் சுவர், ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடை, தையல் கடை என்று ஒன்று பாக்கியில்லாமல் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். முன்பெல்லாம் அதில் ஒரு முகம் இருக்கும், பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் இருக்கும். இப்போது வரும் சில போஸ்டர்களில் முகமே கிடையாது. மலைப் படம், கீழே மூன்று வரி: குரு இல்லை, முறை இல்லை, கட்டணம் இல்லை. அந்த மூன்று வரியை நம்பிப் பணம் கட்டப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன சீசனில் நானும் என் நாத்தனாரும் கட்டினோம்.

நடத்தியவர்கள் பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது, அது முடியட்டும்.

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறவள் நான். நாத்தனாருக்கு வீட்டுக்காரர் தவறி அப்போது வருடம்கூடத் திரும்பவில்லை. ஜோசியம், பரிகாரம், சாமியார் எதிலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். “யார் கால்லயும் விழச் சொல்லாத இடமா இருந்தா சொல்லுங்க அண்ணி, போயிட்டு வரலாம்” என்பாள். அப்படி இருக்கும்போதுதான் வாட்ஸ்அப்பில் அந்தப் போஸ்டர் வந்தது. அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி.

கட்டணம் இல்லை என்றார்கள் அல்லவா? பதிவுப் படிவத்தின் மூன்றாவது பக்கத்தில் ‘பரிந்துரைக்கப்படும் பங்களிப்பு’ என்று தலைக்கு 18,500 ரூபாய் போட்டிருந்தது. பரிந்துரைதானே என்று 10,000 அடித்துப் பார்த்தேன். படிவம் நகரவில்லை. 15,000 அடித்தேன், அதற்கும் நகரவில்லை. 18,500 அடித்ததும் அடுத்த பக்கம் திறந்தது. அங்கே ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் அறக்கட்டளையின் பெயர் வரவில்லை, ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. பிறகு மின்னஞ்சலில் வந்த ரசீதில் அறக்கட்டளையின் பெயர், ‘நன்கொடை நன்றியுடன் பெறப்பட்டது’ என்ற வரி. பான் எண்ணும் இல்லை, வரிவிலக்குக்கான 80ஜி எண்ணும் இல்லை. நன்கொடை என்றால் வரிவிலக்குச் சான்றிதழ் எங்கே, கட்டணம் என்றால் ஜிஎஸ்டி பில் எங்கே என்று கேட்டு எழுதினேன். ‘எண்களை விட்டுவிட்டு வாருங்கள்’ என்று பதில் வந்தது. எண்களை வைத்துத்தான் எங்கள் ஆபீசில் சம்பளம் தருகிறார்கள்.

இடம், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி, பிளாட் போட்ட நிலத்துக்குப் பின்னால் ஒரு பண்ணை வீடு. 15 பேர்தான், அறைக்கு இரண்டு பேர் என்று சொல்லியிருந்தார்கள். முதல் நாள் பந்தியில் எண்ணினேன், 41 பேர். பெண்களை ஹாலில் வரிசையாகப் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். நாத்தனாருக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். காலைச் சாப்பாடு பத்தரைக்கு முன்னால் வரவே இல்லை. பையில் இருந்த பிஸ்கட்டில்தான் அவள் சமாளித்தாள். அதையும் ஒருவர் பார்த்துவிட்டு, ‘பசியோடு இருந்து பாருங்கம்மா’ என்று உபதேசம் செய்தார்.

முறை இல்லை என்று சொன்ன இடத்தில் நாலரைக்கு மணி அடிப்பார்கள். போனைத் துணிப்பையில் போட்டு வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள். பேசக்கூடாது, படிக்கக்கூடாது, கேட்டைத் தாண்டக்கூடாது. மதியம் எதிரெதிராக உட்கார்ந்து ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும், ராத்திரி மனதில் உள்ளதை எல்லார் முன்னாலும் கொட்ட வேண்டும். டோக்கன் கொடுத்த பையனிடம் கேட்டேன், “இது முறை இல்லையா தம்பி?”

“முறை இல்லைங்க்கா, அழைப்பு.”

“நான் ஏத்துக்கலைன்னா?”

“அப்ப நீங்க வெளிய இருக்கிற மாதிரி வரும்ங்க்கா.”

குரு விஷயமும் அப்படித்தான். நடுவில் ஒரு நாற்காலி, அதில் ஒருவர். எல்லாரும் அவரை அண்ணன் என்றார்கள். அரைக்கைச் சட்டை, சாதாரணப் பேண்ட். யாராவது காலில் விழப்போனால் பதறித் தடுப்பார். அதைப் பார்த்துத்தான் நாத்தனார் நெகிழ்ந்துபோனாள். சேலத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, “நீங்க சொல்றத நான் ஏன் நம்பணும்?” என்று கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே, “இந்தக் கேள்வி எங்கேயிருந்து வருதுன்னு பாருங்க” என்றார். கூட்டமே சிரித்தது. பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் யாரும் எதையும் கேட்கவில்லை. சாமியார் மடத்தில் எதிர்த்துக் கேட்டால் குரு நிந்தனை என்பார்கள். இங்கே எதிர்த்துக் கேட்டால் நம் மனசில்தான் கோளாறு. மடத்திலாவது யாரைக் குறை சொல்வது என்று தெரியும்.

அவர் பேசியது எதுவும் அவருடைய சரக்கும் இல்லை. 1909-ல் அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபைக்காரர்கள் பார்த்துப் பொறுக்கி, உலக குருவாக வரப்போகிறவர் என்று வளர்த்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தில் ஒம்மென் என்ற ஊரில் கூடிய முகாமில், தன்னைத் தலைவராக வைத்து நடந்த சங்கத்தைத் தானே கலைத்தார். உண்மைக்குப் போகப் பாதை கிடையாது, எந்த அமைப்பும் யாரையும் அங்கே கூட்டிப்போக முடியாது என்பதுதான் அன்றைய பேச்சின் சாரம். சங்கத்துக்கென்று ஒரு பிரபு கொடுத்திருந்த கோட்டையும் பெரும்பாலான நிலமும் அந்தப் பிரபுவுக்கே திரும்பிப் போயின. நம் அண்ணன் அந்தப் பேச்சை ஏறக்குறைய மனப்பாடமாக ஒப்பித்தார், யாருடையது என்று சொல்லாமலே. கோட்டையைத் திருப்பிக் கொடுத்த பகுதி மட்டும் வரவே இல்லை. குரு வேண்டாம் என்ற கிருஷ்ணமூர்த்தியே 1986-ல் இறக்கும்வரை ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தாரே, அது என்ன கணக்கு என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பேச்சுகளை இன்றைக்கு இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கலாம். 18,500 கட்டி இரவல் குரலில் கேட்க வேண்டியதில்லை.

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு ரமணரைச் சொல்லாமல் இருக்க முடியுமா? அவரையும் சொன்னார். மனித குரு என்று யாரும் இல்லாமல், பதினாறு வயதில், மதுரையில் வீட்டு மாடியறையில் அவருக்கு ஞானம் நேர்ந்தது என்பதை உருக்கமாகவே சொன்னார். எனக்கு அந்தக் கதையில் எப்போதும் பிடித்தது காசுக் கணக்கு. 1896-ல் தன் கூடப்பிறந்த அண்ணனுடைய காலேஜ் ஃபீஸ் கட்ட வைத்திருந்த 5 ரூபாயில், ரயிலுக்கு 3 ரூபாய் போதும் என்று எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனவர் அவர். ஃபீஸ் இன்னும் கட்டவில்லை என்றும் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார். செப்டம்பர் 1 அன்று ஊர் வந்து சேர்ந்ததும் கையில் மிச்சமிருந்ததை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார். செங்கம் ரோட்டில் இருக்கும் அவருடைய ஆசிரமத்தில் தங்க இன்றைக்கும் இவ்வளவு என்று கட்டணம் கிடையாது. முன்கூட்டியே எழுதி இடம் கேட்க வேண்டும், கொடுப்பதும் கொடுக்காததும் நம் இஷ்டம்.

விபாசனா தியான முகாமையும் பாருங்கள். சென்னைக்குப் பக்கம் திருமுடிவாக்கத்தில் நடக்கிறது. அங்கே முறை உண்டு, சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு, கெடுபிடியும் உண்டு. எல்லாவற்றையும் முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுகிறார்கள். பத்து நாள் சாப்பாடு, தங்கல் எதற்கும் காசு கிடையாது; ஒரு முகாமை முழுதாக முடித்தவரிடமிருந்து மட்டும்தான் நன்கொடை வாங்குவார்கள். எனக்கு அந்த முறையில் பெரிய ஈடுபாடு கிடையாது, ஆனால் காசு விஷயத்தில் அவர்கள் சுத்தம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். கடைசிக்கு முந்தின ராத்திரி, பகிர்தல் முடிந்து எல்லாரும் அழுது ஓய்ந்த நேரத்தில், ஒவ்வொருவராகத் தனியறைக்குக் கூப்பிட்டார்கள். ‘தயாராக இருப்பவர்களுக்கு மட்டும்’ ஒரு வருட உள்வட்டமாம், பங்களிப்பு 1,40,000. நாத்தனாரை உள்ளே வைத்து முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் போனதை நீங்கள் இன்னும் ஏற்கவில்லை, ஊருக்குப் போனால் பழைய இருட்டுக்குத்தான் போவீர்கள் என்று. அவள் சரி என்றதும் அந்த டோக்கன் பையன் துணிப்பையிலிருந்து அவள் போனைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். 25,000 முன்பணம் ஜிபே ஆனது. டிக் சத்தம் வந்ததும் போனைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக் கட்டிவிட்டான். மகள் மூன்று தடவை கூப்பிட்டிருந்ததை அந்தத் திரையிலேயே பார்த்திருக்கிறாள், பேச விடவில்லை. காலையில் என்னிடம் சொன்னாள். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

இதைவிட மோசமான ஒன்றையும் அங்கே பார்த்தேன். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் இளைஞன் ஒருவன் பகிர்தலில் அதைச் சொன்னபோது, மாத்திரையும் ஒரு பிடிமானம்தான், விட்டுப்பாருங்கள் என்றார் அண்ணன். கூட்டம் தலையாட்டியது. மனநல மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பும் மனசும் எப்படித் தூக்கிப்போடும் என்பது எழுதிக்கொடுத்த டாக்டருக்குத்தான் தெரியும். முகாமில் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. இந்த மாதிரி இடங்களுக்குப் போய்வந்து தூக்கம் கெட்டவர்கள், பயம் பிடித்தவர்கள் இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், காசில்லை, தமிழிலும் பேசலாம்.

ஊர் வந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். வாட்ஸ்அப்பில் வந்த பதில்: ‘கொடுத்தது யார்? கேட்பது யார்? இதை விசாரியுங்கள்.’ கேட்பவர் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி கோடு மூன்றையும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அடுத்த முறை, ‘நாங்கள் எதையும் தருவதாகச் சொல்லவே இல்லையே, எதற்குப் பணம் திரும்ப?’ என்றார்கள். இந்த வியாபாரத்தின் முடிச்சே இதுதான். முட்டிவலி தீரும் என்று சொல்லி விற்றவனிடம் தீரவில்லையே என்று சண்டை போடலாம். ஒன்றும் கிடைக்காது என்று சொல்லியே விற்றவனிடம் எதைக் காட்டிக் கேட்பது?

ஞானத்தை விட்டுவிடுங்கள், அறையையும் சோற்றையும் காட்டிக் கேட்கலாம். அதைத்தான் செய்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இலவச சேவைக்கு இடம் கிடையாது. அதனால்தான் இவர்கள் ‘கட்டணம் இல்லை, நன்கொடை’ என்று விடாமல் சொல்கிறார்கள். 18,500-க்குக் கீழே நகராத படிவத்தின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருந்தது. குறைந்தபட்சத் தொகை கட்டாமல் உள்ளே விடமாட்டார்கள் என்றால் அது விலைதான் என்பது எங்கள் வாதம். நீங்களும் பணம் கட்டும்போதே படிவம், கியூஆரில் வந்த பெயர், ‘15 பேர், அறைக்கு இருவர்’ மாதிரியான வாக்குறுதி எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். முகாமுக்குள் போனபின் போன் கையில் இருக்காது.

முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் படியவில்லை என்றால் உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், முகாம் நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும்.

நோட்டீஸ் போனதும் நாத்தனாரின் 25,000 சத்தமில்லாமல் கணக்குக்கு வந்துவிட்டது. இரண்டு பேருடைய 37,000 இன்னும் வரவில்லை. அவள் இப்போது விடியற்காலையில் மொட்டைமாடியில் தனியாக உட்காருகிறாள். என்ன செய்கிறாள் என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. சாப்பாடு எட்டு மணிக்கு.

அதே முகாமுக்குப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டோடு உள்பெட்டியில் எழுதுங்கள். ஒரே குறை உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதி வாங்கிச் சேர்ந்து புகார் கொடுக்க வழியுண்டு. அந்தச் சேலத்துப் பெரியவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். எங்களுக்கு அடுத்த வாய்தா மாசியில்.