எல்டிஸ்பைஸில் மின்மாற்றி: மூன்று மாதிரிகளில் எதை, எதற்கு நம்பலாம்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் வாங்கிய சிறிய மின்மாற்றி என் மேசைமேல் இருக்கிறது. முதன்மைச் சுருள் 230 வோல்ட், துணைச் சுருள் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று அதன்மேல் ஒட்டிய தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். பவர் சப்ளை புராஜெக்ட் செய்யும் பாலிடெக்னிக் மாணவர்கள் இதை எல்டிஸ்பைஸ் (LTspice) என்ற, மின்சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில் எப்படி வரைவது என்று கேட்கும்போது, அதற்கு மூன்று வழிகள் உண்டு என்பதையும், மூன்றும் வெவ்வேறு இடங்களில் காலை வாரிவிடும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி, இலட்சிய மின்மாற்றி. மின்னழுத்தத்தைச் சுற்று விகிதத்தால் (முதன்மைச் சுருளின் கம்பிச் சுற்றுகளைத் துணைச் சுருளின் சுற்றுகளால் வகுத்த எண்) வகுத்துத் துணைப் பக்கம் தரும் ஒரு கட்டுப்பாட்டு மூலமும், துணைப் பக்க மின்னோட்டத்தை அதே விகிதத்தால் வகுத்து முதன்மைப் பக்கம் இழுக்கும் இன்னொரு மூலமும் சேர்ந்தால் அது தயார். வேகமாக ஓடும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. ஆனால் இதன் முதன்மைப் பக்கம் 12 வோல்ட் பேட்டரியை இணைத்தால், துணைப் பக்கம் 0.72 வோல்ட் (விகிதம் 16.67 என்று கொண்டால்) நேர்மின்சாரம் நாள் முழுவதும் நிற்கும். உண்மையான மின்மாற்றியில் அப்படி நிற்காது. காந்தப்பாயம் என்ற ஒன்றையே அறியாத மாதிரி இது. ரெக்டிஃபயருக்குப் பின்னால் வரும் பகுதியை மட்டும் சோதிப்பவருக்கு இது போதும்.

இரண்டாவது வழிதான் நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது: இரண்டு மின்தூண்டிகளை வரைந்து, அவற்றைக் கே (K) என்று தொடங்கும் ஒரு வரியால் பிணைப்பது. இங்கே சுற்று விகிதத்தை நேராகக் கொடுக்க இடமில்லை. தூண்டல் மதிப்புகளின் விகிதம், சுற்று விகிதத்தின் வர்க்கமாக இருக்க வேண்டும். இதை மறந்து விகிதத்தையே தூண்டல் மதிப்பில் போட்ட மாணவர் ஒருவருக்குத் துணைப் பக்கம் 56 வோல்ட் வந்தது. மென்பொருளில் கோளாறு என்றே அவர் நினைத்துக்கொண்டார்.

மதிப்புகளை எங்கிருந்து எடுப்பது? தாளில் அச்சிட்ட 12 வோல்ட்டை நம்பக் கூடாது, ஏனெனில் அது முழுச் சுமையில் கிடைக்கும் அளவு. என் மின்மாற்றி சுமையின்றி 13.8 வோல்ட் காட்டியது. எனவே விகிதம் 16.67, அதன் வர்க்கம் ஏறத்தாழ 278. சுமையில்லாதபோது முதன்மைச் சுருள் 20 மில்லிஆம்பியர் எடுத்தது. அதில் இரும்பு உள்ளகத்தில் வீணாகும் ஆற்றலின் பங்கையும் அலைவடிவத்தின் கோணலையும் கண்டுகொள்ளாமல் விட்டால், 50 ஹெர்ட்ஸில் தூண்டல் மதிப்பு சுமார் 36.6 ஹென்றி, துணைச் சுருளுக்கு 0.13 ஹென்றி. கம்பித் தடை முதன்மையில் 200 ஓம், துணையில் 0.8 ஓம். முதன்மையின் 200 ஓமைத் துணைப் பக்கத்துக்கு மாற்றினால் 0.72 ஓம், மொத்தம் ஒன்றரை ஓமில் 1 ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட் இறங்கி, 12.3 வோல்ட் மிஞ்சுகிறது. தாளில் உள்ள எண்ணுக்கு இவ்வளவு அருகில் வந்தது எனக்கே வியப்பாக இருந்தது.

கே வரியில் கொடுக்கும் பிணைப்பு எண்ணில் கவனம் தேவை. இரு சுருள்களும் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்துள்ளன என்பதை அது சொல்கிறது; ஒன்று என்றால் முழுப் பிணைப்பு. 0.99 என்பது ஒன்றுக்கு மிக அருகில் இருப்பதுபோல் தோன்றினாலும், 36.6 ஹென்றியில் அது 0.73 ஹென்றி கசிவுத் தூண்டலாகிறது, அதாவது மற்றச் சுருளோடு பிணையாமல் தனியே நிற்கும் தூண்டல். 50 ஹெர்ட்ஸில் 229 ஓம், அதாவது முதன்மைச் சுருளின் கம்பித் தடையைவிட அதிகம். நடுமுனை கொண்ட 12-0-12 மின்மாற்றியாக இருந்தால், எல்டிஸ்பைஸில் மூன்று சுருள்களையும் ஒரே வரியில் பிணைத்துவிடலாம். கிகேடு (KiCad) என்ற சுற்று வரையும் மென்பொருளுடன் வரும் என்ஜிஸ்பைஸில் (ngspice) இரண்டிரண்டாக மூன்று வரிகள் எழுத வேண்டும். எதில் செய்தாலும், துணைப் பக்கத்தைப் பெரிய தடை ஒன்றின் வழியாகவாவது கிரவுண்டுடன் சேர்க்க வேண்டும். மூலத்தின் வீச்சையும் 230 என்று கொடுக்காமல் 325 என்று கொடுக்க வேண்டும், ஏனெனில் அங்கே கேட்கப்படுவது உச்ச மதிப்பு.

இந்த மாதிரி தோற்கும் இடம், மின்சாரம் போய்த் திரும்பும் கணம். அலை பூச்சியத்தைக் கடக்கும் நொடியில் இணைப்புக் கிடைத்தால், காந்தப்பாயம் வழக்கமான உச்சத்தைப்போல் இரு மடங்கை நோக்கிப் போகும். இரும்பு உள்ளகம் அதைத் தாங்காமல் தெவிட்டிவிடும், அதாவது மேலும் காந்தப்பாயத்தை ஏற்க முடியாத நிலைக்கு வந்து, மின்னோட்டம் திடீரென்று பாயும். பெரிய ஸ்டெபிலைசர் வைத்திருக்கும் வீடுகளில் கரண்ட் வந்தவுடன் எம்சிபி விழுவதற்கு இது ஒரு காரணம். தெவிட்டலை அறியாத கே வரியோ, என் மின்மாற்றிக்கு வெறும் 55 மில்லிஆம்பியர் உச்சத்தைக் காட்டி அமைதியாகிவிடுகிறது. ஏமாற்றும் இடம் இன்னொன்றும் உண்டு. மூலத்தின் கட்டத்தை 90 பாகையாக மாற்றினால் 1.6 ஆம்பியர் பாய்வதாகத் தெரியும். அது இணைப்புக் கொடுத்தவுடன் வரும் உண்மையான பாய்ச்சலன்று. தொடக்க நிலையைக் கணக்கிடும்போது மென்பொருள் அந்த 325 வோல்ட்டை நேர்மின்சாரமாக எடுத்துக்கொண்டு, 200 ஓமால் வகுத்துவிடுகிறது. தொடக்க நிலைக் கணக்கைத் தவிர்க்கச் சொன்னால் அது மறைந்துவிடும்.

எனவே மூன்றாவது வழி, தெவிட்டும் உள்ளகம். பிஸ்பைஸ் (PSpice) என்ற இன்னொரு மென்பொருளில், இரும்பின் காந்த நடத்தையைக் கணிக்கும் ஜைல்ஸ்–ஆதர்டன் மாதிரியைக் கே வரியோடு சேர்த்தே பயன்படுத்தலாம். எல்டிஸ்பைஸிலும் தயக்க வளையத்துடன் (hysteresis, காந்தப்பாயம் மின்னோட்டத்துக்குப் பின்தங்கி மாறுவது) கூடிய மின்தூண்டி உண்டு, ஆனால் அதைக் கே வரியால் பிணைக்க முடியாது. அங்கே கைகொடுப்பது, நாம் முதலில் ஒதுக்கிய இலட்சிய மின்மாற்றிதான்: அதன் முதன்மைப் பக்கத்துக்கு இணையாகத் தெவிட்டும் மின்தூண்டியையும், தொடராக 200 ஓமையும் வைத்தால், பாய்ச்சல் மின்னோட்டம் ஓரளவு நம்பும்படி வரும். உள்ளகத்தின் பரப்பையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் அறிய ஒரு பழைய மின்மாற்றியைப் பிரித்து எண்ண வேண்டியிருக்கும் என்பதால், வெறும் பேட்டரி எலிமினேட்டர் செய்பவரை நான் இந்த வழிக்கு அனுப்புவதில்லை. முதன்மைப் பக்கம் என்ன ஃபியூஸ் போடுவது, மெதுவாக உருகும் வகை வேண்டுமா என்று கேட்பவரை மட்டும் அனுப்புகிறேன்.