ஜாக்ரெப் முறிந்த உறவுகள் மியூசியம்: போலாமா வேணாமா?

க்ரோயேஷியா போறவங்க நேரா கடற்கரைக்குத்தான் ஓடுறாங்க, தலைநகர் ஜாக்ரெப்ல ஒரு நாள் கையில இருந்தா மேல் டவுன்ல இருக்கற இந்த மியூசியத்த ஒரு எட்டு பாத்துடுங்க. கலர் ஓடு போட்ட செயின்ட் மார்க் சர்ச் இருக்குல்ல, அங்கேர்ந்து கொஞ்ச தூரம்தான். பேரக் கேட்டு நானும் சிரிச்சேன், லவ் ஃபெய்லியர் கோஷ்டிக்கு செல்ஃபி ஸ்பாட்டு போலனு நெனச்சுதான் டிக்கெட் எடுத்தேன்.

உள்ள இருக்கறதெல்லாம் பிரிஞ்சு போனவங்க அனுப்பி வெச்ச சாமான். அனுப்பினவங்க பேரு இருக்காது, ஊரும் எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம் வரைக்கும்ங்கறதும் ஒரு சின்ன கதையும் மட்டும் இருக்கும். ஆரம்பிச்ச ஒலிங்கா விஷ்டிட்சாவும் டிராஷன் க்ரூபிஷிச்சுமே நாலு வருஷம் சேந்து இருந்து பிரிஞ்ச ஜோடிதான். சாவி குடுத்தா நடக்கற முயல் பொம்மை ஒண்ணு இருந்துதாம் அவங்க கிட்ட, அதுதான் முதல் பொருள். 2006ல ஒரு கன்டெய்னர்ல வெச்ச கண்காட்சி, அப்புறம் நாடு நாடா சுத்தி 2010லதான் இங்க நிரந்தரமா உக்காந்துச்சு, அடுத்த வருஷமே ஐரோப்பிய மியூசியங்களுக்குக் குடுக்கற கென்னத் ஹட்சன் விருதும் வாங்கிருச்சு.

எனக்குப் பிடிச்சது பெர்லின் கோடாலி. விட்டுட்டுப் போனவங்க புது ஆளோட 14 நாள் டூர் போயிருக்காங்க, இங்க கோடாலிய அனுப்பினவங்க, விட்டுட்டுப் போன அந்தம்மாவோட ஃபர்னிச்சர தினம் ஒண்ணா வெட்டி, சின்னச் சின்ன குவியலா அழகா அடுக்கி வெச்சிருக்காங்க, திரும்பி வந்தவங்க அதத்தான் எடுத்துட்டுப் போகணும். படிச்சிட்டு சத்தமா சிரிச்சிட்டேன். அதே வேகத்துல ஒரு செயற்கைக் கால் முன்னாடி போய் நின்னேன், போர்ல கால் போனவருக்கும் அவருக்கு உதவின பொண்ணுக்கும் காதல், கடைசில காதல விட இந்தக் கால்தான் ரொம்ப நாள் உழைச்சுதுனு எழுதிருக்காரு. சிரிக்கறதா வேணாமானே தெரியல. காதல் மட்டும் இல்ல, அம்மா அப்பாவ பறிகொடுத்தவங்க அனுப்பினதும் இருக்கு, அந்தப் பக்கம் கூட்டமே பேசாம நகருது.

ஒரு விஷயம் சொல்லிடறேன், இது பாக்கற மியூசியம் இல்ல, படிக்கற மியூசியம். கார்ட படிக்கலேனா வெறும் காயலாங்கடை. பொறுமை இல்லாதவங்களும் சின்னப் பசங்களும் பத்து நிமிஷத்துல கடுப்பாயிடுவாங்க. கல்யாணமாகி ஒரு மாசம் ஆன ஜோடியும் வேணாம், அனாவசியமா சண்ட வரும். கடையில கெட்ட நினைவுகள அழிக்கற ரப்பர்னு ஒண்ணு விக்கறாங்க, வாங்கினேன், பென்சில் எழுத்து நல்லாவே அழியுது.

ஊருக்கு வந்து அம்மா கிட்ட சொன்னா, இதப் பாக்க அவ்ளோ தூரம் போனியாக்கும்னு கேட்டுட்டு பரண்லேர்ந்து ஒரு எவர்சில்வர் தூக்கு எடுத்துக் குடுத்தாங்க. பேச்சுவார்த்த நின்னு போன ஒரு சொந்தத்தோட பேரு, தேதியோட வெட்டியிருந்துச்சு. மாவு வைக்க நல்ல சைஸுனு கழுவி வெச்சிட்டாங்க.