உணவுக்குழாயில் சாதுவான கட்டி: சுரங்கம் வழியா, மார்பு வழியா?

உணவுக்குழாயில் கட்டி என்றதுமே புற்றுநோய் என்றுதான் மனம் பதறும். பெரும்பாலும் அது உண்மையும்கூட. அங்கே வரும் கட்டிகளில் சாதுவானவை நூற்றில் ஒன்றைக்கூட எட்டாது. அந்தச் சிறு கூட்டத்தில் முக்கியமானது லியோமயோமா. சுவரின் தசையில் முளைத்து, வருடக்கணக்கில் மெல்ல வளரும்.

எண்டோஸ்கோப்பியில் ஒரு மேடு தெரியும். மேலே சளிச்சவ்வு வழவழப்பாக, புண்ணில்லாமல் இருக்கும். அப்படியிருந்தால் உடனே பயாப்ஸி எடுக்கக் கூடாது. இடுக்கி சவ்வைத்தான் கிள்ளும், கட்டி அதற்கும் கீழே இருக்கிறது. விடை கிடைக்காது என்பதோடு, கிள்ளிய இடம் தழும்பாகிக் கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அறுவை சிகிச்சையில் சவ்வு கிழிவது அங்கேதான். எண்டோஸ்கோப்பி முனையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பதுதான் சரியான அடுத்த படி. சுவரின் நான்காம் அடுக்கான தசையடுக்கில், சீரான கருமையோடு, தெளிவான விளிம்போடு தெரிந்தால் அநேகமாக லியோமயோமா. விளிம்பு ஒழுங்கற்றிருந்தாலோ வேகமாக வளர்ந்தாலோ, அல்ட்ராசவுண்டைப் பார்த்தபடி ஊசியால் திசு எடுக்கலாம். அந்தத் திசுவில் டெஸ்மின், சிடி117 என்ற இரண்டு புரதங்களைத் தேடுவார்கள். டெஸ்மின் பாசிட்டிவ், சிடி117 நெகட்டிவ் என்றால் லியோமயோமா. சிடி117 பாசிட்டிவ் என்றால் ஜிஸ்ட் என்ற, பரவக்கூடிய வேறுவகைக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம், அப்போது கணக்கே வேறு.

சிறியது, தொந்தரவு இல்லை என்றால் அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். விழுங்கும்போது அடைத்தாலோ கட்டி வளர்ந்தாலோ எடுக்க வேண்டும்.

எடுக்க இரண்டு வழிகள். ஒன்று, எண்டோஸ்கோப்பி சுரங்க முறை. கட்டிக்குச் சுமார் 5 செ.மீ. மேலே சவ்வில் சிறு வாசல் திறந்து, சவ்வுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம் போட்டுப் போய், கட்டியைப் பிரித்து வாய்வழியாக எடுத்துவிட்டு, வாசலை கிளிப்பால் மூடுவார்கள். உடம்பில் வெளித்தழும்பே இருக்காது. கட்டிக்கு நேர்மேலே சவ்வு முழுசாக இருப்பதால் கசிவுக்கு இடம் குறைவு. ஆனால் சுரங்கம் குறுகலானது. கட்டி ஏறக்குறைய 3.5 செ.மீ. தாண்டினால் முழுசாக வெளியே வராது. துண்டு போட்டால், விளிம்பு சுத்தமாக வந்ததா என்று நோயியல் மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொன்று, மார்பில் சிறு துளைகள் போட்டு, கேமராவோடு செய்வது. தசையை அதன் நார்வாக்கில் பிரித்தால், பட்டாணித் தோலிலிருந்து பருப்பு நழுவுவது போல லியோமயோமா நழுவி வரும். ஒரு நுரையீரலைச் சுருக்கி வைக்க வேண்டும், மார்புக் குழாய் போட வேண்டும், வலியும் கொஞ்சம் கூடுதல். அப்படியிருந்தும் 5, 6 செ.மீ. கட்டிக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கட்டி உடையாமல் முழுசாகக் கைக்கு வருவது அவ்வளவு முக்கியம்.

உணவுக்குழாயையே வெட்டி எடுப்பது, சுற்றிவளைத்து வளர்ந்த ராட்சதக் கட்டிகளுக்கு மட்டும்தான்.

மார்பு வழியில் செய்தால் முடிக்கும் முன் ஒரு சோதனை உண்டு. உணவுக்குழாயைத் தண்ணீரில் மூழ்கடித்து, எண்டோஸ்கோப்பியால் காற்று ஊதிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் எங்கோ சவ்வு கிழிந்திருக்கிறது, அப்போதே தைத்துவிடலாம். அப்புறம் பிரித்த தசையையும் சேர்த்துத் தைப்பார்கள். தைக்காமல் விட்டால் அந்த இடத்தில் சவ்வு பை போலப் பிதுங்கி, விழுங்குவதில் மறுபடி சிரமம் வரும்.