லீஜ் பாக்கெட் பிஸ்டல்: பொருளுக்கு நாலு ஸ்டார், வித்தவருக்கு ரெண்டு

ரொம்ப நாளா தேடிட்டிருந்த பெர்கஷன் (ஹேமர் கேப்பை அடிச்சு வெடிக்க வைக்கிற வகை) பாக்கெட் பிஸ்டல் ஒண்ணு போன மாசம் கைக்கு வந்துச்சு. பழைய ஆயுதங்களை ஆன்லைன்ல விக்கிற ஒரு டீலர்கிட்ட எடுத்தேன், பேர் வேண்டாம். முதல்ல பிஸ்டலைப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா அது அவ்ளோ அழகு.

உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். கோட் பாக்கெட்ல வச்சுக்கறதுக்குன்னே செஞ்சது, அதனால துணியில மாட்டற மாதிரி வெளிய துருத்திட்டு இருக்கறது ரொம்பக் கம்மி, ட்ரிக்கர் கூட கண்ணுல படாது. ஹேமரை பின்னாடி இழுத்தீங்கன்னா அப்பதான் அடியிலேர்ந்து டக்குனு கீழ இறங்குது பாருங்க, நூறு வருஷத்துக்கு மேல ஆன ஸ்பிரிங் இன்னிக்கும் அதே அழுத்தத்தோட வேலை செய்யுது, வந்த அன்னிக்கு அதையே எத்தனை தடவை பண்ணிப் பாத்தேன்னு கணக்கே இல்ல. இதுக்கு முந்தின ஃப்ளின்ட்லாக் வகை துப்பாக்கியில தீக்கல்லு, மருந்துக் கிண்ணம்னு ஏகப்பட்ட சாமான் வெளிய நிக்கும். 1807ல ஃபோர்சித்ங்கற ஸ்காட்லாந்து பாதிரியார், அடிச்சா வெடிக்கிற மருந்தை துப்பாக்கிக்குக் கொண்டுவந்து பேட்டன்ட் வாங்கினார், அதோட தொடர்ச்சியா வந்த, அந்த மாதிரி மருந்து அடைச்ச குட்டிச் செப்பு கேப்தான் பிஸ்டலை இவ்ளோ கச்சிதமா ஆக்குச்சு.

இப்ப டீலர் விஷயம். லிஸ்டிங்ல 'பர்மிங்ஹாம், ஒரிஜினல் கண்டிஷன்'னு போட்டிருந்தாரு. பேரல் மறை கழட்டற மாதிரி திருகினா தனியா வந்துடும், திருப்பிப் பாத்தா அடியில ஒரு முட்டை வடிவ வட்டத்துக்குள்ள ஈ எல் ஜி, கீழ நட்சத்திரம். அது பெல்ஜியத்துல லீஜ் நகரத்தோட புரூஃப் மார்க், அதாவது பேரலைச் சோதிச்சுப் பாத்துட்டு குத்தற முத்திரை. பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸ் 1813லேர்ந்து இருக்கு, அந்தக் காலத்துல அங்க குத்தினது கிரீடத்தோட குறுக்க ரெண்டு செங்கோல், ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. என் பிஸ்டல்ல வட்டத்துக்கு மேல கிரீடம் கிடையாது, லீஜ்ல 1893லதான் அதைச் சேத்தாங்க, அதனால அதுக்கு முந்தினதுன்றது உறுதி, அந்த மட்டும் நிம்மதி.

கேட்டா 'அந்தக் காலத்துல ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரிதான சார் செஞ்சாங்க'ன்றாரு. மாடல் ஒண்ணா இருக்கலாம், அதுக்காக ஊர் பேரை மாத்தி எழுதலாமா? இதைவிட வலிச்சது பாலிஷ். யாரோ பளபளன்னு தேச்சு வச்சிருக்காங்க, பக்கத்துல செதுக்கின கொடி வேலைப்பாட்டோட ஓரமெல்லாம் மழுங்கிப் போச்சு, காலத்தால வந்த அந்தப் பழுப்பு நிறம் சுத்தமா இல்ல. போன நிறம் திரும்ப வராதுங்க. லிஸ்டிங் போட்டோவுல லைட்டை மேல அடிச்சு எடுத்ததால எனக்கு அது தெரியவே இல்ல.

பேக்கிங் நல்லா இருந்துச்சு, சொன்ன நாள்ல வந்துச்சு. நாலு மெயில் போட்டதுக்கு அப்புறம் கொஞ்சம் பணம் திருப்பிக் குடுத்தாரு. இவர்கிட்ட வாங்கணும்னா பேரலைக் கழட்டி அடிப்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அதுவும் ஜன்னல் வெளிச்சத்துல, ஃப்ளாஷ் இல்லாம.