உப்புக்காற்றில் இருண்ட மானிட்டர்: நாமே கழற்றுவதா, கடையில் போர்டு மாற்றுவதா, புதிதே வாங்குவதா?

மண்டபத்தில் வடக்கே கொஞ்சம் நடந்தால் வடகடல், தெற்கே கொஞ்சம் நடந்தால் தென்கடல். வாடை அடித்தால் பாக் விரிகுடாவின் உப்பு வீட்டுக்குள் வரும், தென்மேற்குக் காற்றான கச்சான் அடித்தால் மன்னார் வளைகுடாவின் உப்பு வரும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், ஃபேன் மூடி என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை. என் 19 அங்குல எல்.சி.டி. மானிட்டரையும் விடவில்லை.

நண்டு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய கார்த்திகையில், மாதக் கடைசியில் பார்த்து மானிட்டர் மக்கர் பண்ணியது. பட்டனை அழுத்தினால் திரை வெளிச்சமாகும், இரண்டே விநாடியில் இருண்டுவிடும். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். அப்போது மூன்று வழி இருந்தது. நானே கழற்றிப் பார்ப்பது, ராமநாதபுரத்தில் கடைக்குக் கொண்டுபோய் போர்டு மாற்றுவது, இல்லையென்றால் புதிது வாங்குவது. நான் முதல் வழியில் போனேன். பாம்பனில் இருக்கும் மச்சான் அதே போன்ற மானிட்டருக்கு இரண்டாவது வழியில் போனார். அத்தை மகன் புதிதே வாங்கிவிட்டான். மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். என் சாய்வு முதல் வழிக்குத்தான், அதை மறைக்கப் போவதில்லை.

எந்த வழியானாலும் முதலில் ஒரு சோதனை. இருண்ட திரையில் டார்ச்சைச் சாய்வாக, கண்ணாடியை ஒட்டினாற்போல அடித்துப் பாருங்கள். ஐகான்களும் எழுத்தும் மங்கலாகத் தெரிந்தால் படம் காட்டும் பேனல் உயிரோடு இருக்கிறது, அதன் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பின்விளக்கோ அதற்குக் கரண்ட் தரும் போர்டோதான் கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யலாம். திரையில் செங்குத்தாகக் கோடுகள் நிற்கின்றன, அல்லது உள்ளே மை கொட்டியது போல விரிசல் தெரிகிறது என்றால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது, கடைக்காரராலும் லாபமாகச் செய்ய முடியாது. அப்போது புதிது வாங்குவது ஒன்றே வழி. என் திரையில் நண்டுக் கணக்கின் கட்டங்கள் மங்கலாகத் தெரிந்தன.

விலையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நான் மாற்றிய கெப்பாசிட்டர்கள் (கரண்டைத் தேக்கிவைத்துத் தரும் சின்ன உருளைப் பாகங்கள்) எல்லாம் சேர்ந்து நூறு ரூபாய்க்குள். சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் ஏற்கெனவே இருந்தன. மச்சானுக்குக் கடையில் 1,400 ரூபாய் ஆனது. அத்தை மகன் 22 அங்குலத்துக்கு ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தான். விலை மட்டும்தான் கேள்வி என்றால் இத்தனை தூரம் எழுத வேண்டியதில்லை.

இனி என் மானிட்டர். பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் விட்டுவைத்தேன். ஸ்டாண்டைக் கழற்றி, பழைய ஏ.டி.எம். கார்டை விளிம்பில் நுழைத்து நெம்பினால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். உள்ளே தகர மூடி. அதன் நான்கு திருகுகளில் இரண்டின் தலை துருவேறி மழுங்கியிருந்தது. துருநீக்கி எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்த பிறகுதான் அசைந்தன. அதற்கு அப்புறம்தான் பவர் போர்டு கண்ணில் பட்டது.

இந்த இடத்தில் அவசரம் கூடாது. 230 வோல்ட் ஏ.சி. டி.சி.யாக மாறும்போது கிட்டத்தட்ட 325 வோல்ட் ஆகிறது. அது அந்தப் பெரிய பருத்த கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கக்கூடும். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் தொட்டுப் பொறி பறக்கவிடுவது பலருக்குப் பழக்கம். அது வேண்டாம். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு வயரையும் அந்த இரண்டு காலிலும் வைத்தால் மிச்சம் இருப்பது பல்பு வழியாக இறங்கிவிடும். பிறகு மீட்டரை வைத்து வோல்ட் பத்துக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்த பின்பே கை வைக்க வேண்டும். பின்விளக்குக் குழாய்களில் பாதரசம் இருப்பதால் அவற்றை உடைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போர்டின் வெளியேற்றப் பக்கத்தில் மூன்று கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. 25 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக, விரலால் தடவினால் வழவழவென்று இருக்கும். இவை தோசைக்கல்லில் உப்பிய ஆப்பம் மாதிரி இருந்தன. ஒன்றின் மேல் வெட்டுக்கோட்டில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. விளக்கு எரியும் நொடியில் 12 வோல்ட் பாதை தளர்ந்து விழும், உடனே பின்விளக்குக்கு உயர் வோல்ட் தரும் இன்வெர்ட்டர் பகுதி தன்னைக் காத்துக்கொள்ள அணைத்துவிடும். அந்த இரண்டு விநாடி வெளிச்சத்துக்குக் காரணம் இதுதான். பார்வைக்கு நன்றாக இருந்த இரண்டு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களையும் சேர்த்தே மாற்றினேன். வாங்கும்போது 105 டிகிரி சூடு தாங்கும் என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். வோல்ட் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. கோடு போட்ட பக்கம் மைனஸ். பழையதைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிட்டால் திசை குழம்பாது.

இவ்வளவோடு மூடியிருந்தால் என் வேலையும் கடைக்காரர் வேலையும் ஒன்றுதான். போர்டைத் திருப்பியபோதுதான் வேறு ஒன்றைப் பார்த்தேன். சால்டர் புள்ளிகள் சாம்பல் பூத்திருந்தன. விளக்குக் கம்பி சொருகும் பின்களில், கழுவாமல் வைத்த பித்தளைச் சொம்பில் ஏறுவது போலக் களிம்பு. போர்டில் கரண்ட் ஓடும் இரண்டு செம்புத் தடங்களுக்கு நடுவே ஈரமான தூசி ஒரு கோடாக ஒட்டிக் கிடந்தது. நகத்தால் கீறினேன், பிசுபிசுத்தது.

என் முடிவைத் தீர்மானித்தது அந்தப் பிசுபிசுப்புதான். சமையலறை உப்பு ஜாடியை ஐப்பசி, கார்த்திகையில் பாருங்கள், கசிந்து தண்ணீர் விட்டிருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோர வீட்டில் அந்த அளவைத் தாண்டாத ராத்திரி குறைவு. போர்டின் மேல் படிந்த உப்பு பகலில் காயும், ராத்திரியில் ஈரமாகும். ஈரமான உப்பில் கரண்ட் ஓடும். ஓடக் கூடாத இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடி, சூடாக்கி, செம்பைத் தின்னும். கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிவிட்டு உப்பை அப்படியே விட்டால், அதே நோய் வேறு பாகத்தில் எட்டிப்பார்க்கும்.

மச்சானுக்கு அதுதான் நடந்தது. கடைக்காரத் தம்பி, "அண்ணே, பழைய போர்டை நோண்டிக்கிட்டு இருந்தா நேரம்தான் போகும், யுனிவர்சல் போர்டு போட்டுர்றேன்" என்று சொல்லி அன்று சாயங்காலமே கையில் கொடுத்துவிட்டார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளில் பத்து மானிட்டர் பார்க்கிற கடையில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. படம் பளிச்சென்று வந்தது. பத்தாவது மாதம் மறுபடியும் இருண்டது. என்னிடம் கொண்டுவந்தார், திறந்தேன். புதுப் போர்டின் துளைகள் பழைய இடத்தோடு பொருந்தாததால் இரண்டே திருகில் நின்றது. 12 வோல்ட், 5 வோல்ட், ஆன்-ஆஃப், வெளிச்சக் கட்டுப்பாடு, எர்த் என்று ஐந்து கம்பிகளையும் பழைய பிளக்கிலிருந்து வெட்டி, புதுப் போர்டின் கம்பிகளோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு கறுத்து, பச்சையேறி, பொடியாக உதிர்ந்தது. போர்டில் கோளாறே இல்லை, முறுக்கிய இணைப்பைத்தான் உப்பு தின்றிருந்தது. மதுரையிலோ திருச்சியிலோ அதே முறுக்கு பல வருடம் தாங்கியிருக்கலாம். பாம்பனில் பத்து மாதம். பக்கத்திலேயே இருக்கிற பாலத்தைப் பாருங்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் துருவால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் இரும்பின் மேல் அடிக்கிற பூச்சுக்கே தனி அக்கறை எடுத்திருக்கிறார்கள்.

சரி, கழுவுவது எப்படி? இதில் நானும் முதலில் தவறு செய்யப் பார்த்தேன். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி பிரஷ்ஷால் தேய்த்தேன், எண்ணெயும் பசையும் போயின, உப்பு போகவில்லை. உப்பு ஆல்கஹாலில் கரைவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் கரையும். அதற்குத் தண்ணீர்தான் வேண்டும். ஆனால் எங்கள் குழாய்த் தண்ணீரே கரிக்கும், அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷை அதில் நனைத்து, உதறி, தடங்களையும் பின்களையும் தேய்த்து, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துணியில் பழுப்பு வருவது நிற்கும் வரைக்கும் இப்படியே. ஊற்றிக் கழுவக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள் தண்ணீர் போனால் காயவே நாளாகும். அதன் பிறகு ஆல்கஹாலால் ஒருமுறை தேய்த்தால் மிச்சத் தண்ணீரையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு நாள் முழுக்க ஃபேனுக்குக் கீழே, வெயில் படாமல் காயவைத்தேன்.

காய்ந்த பிறகு, ஈரம் போர்டைத் தொடாமல் காக்கும் பூச்சு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கன்ஃபார்மல் கோட்டிங் என்று கேட்டால் ஸ்பிரே டப்பா தருவார்கள், அக்ரிலிக் வகை போதும். பிளக் சொருகும் இடங்களையும் சூட்டை வெளியேற்றும் தகடான ஹீட்சிங்க்கையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, மெல்லியதாக இரண்டு தடவை அடித்தேன். பின்னால் ஏதாவது பாகம் மாற்ற வேண்டி வந்தாலும் அந்தப் பூச்சின் மேலேயே சால்டர் வைத்து எடுக்கலாம். அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெடி தலைக்கு ஏறும்.

புதிது வாங்குவதில் நல்லதும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. எல்.இ.டி. பின்விளக்கு, கரண்ட் குறைவாக இழுக்கும். பல மாடல்களில் பவர் போர்டே உள்ளே இல்லை, வெளியில் ஓர் அடாப்டர், அது கெட்டால் வேறு ஒன்றைச் சொருகினால் முடிந்தது. வேலை நிற்கவே கூடாது, கையில் பணமும் இருக்கிறது என்றால் நானே வாங்கச் சொல்வேன். ஆனால் அத்தை மகனின் மானிட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காற்றுத் துளைகள் அதற்கும் இருக்கின்றன, உப்பு அதற்குள்ளும் போகும். வெளியே ஒரு திருகுகூடக் கண்ணில் படவில்லை, எல்லாம் இறுக்கமான கொக்கிகள், நெம்பினால் உடையும். வாரண்டி மூன்று வருடம், அதற்குள் திறந்தால் வாரண்டி போய்விடும். திறக்காவிட்டால் மூன்று வருட உப்பு உள்ளேயே தங்கும். அட்டையைப் படித்தோம். ஈரத்தாலும் துருவாலும் வரும் கோளாறு அந்த வாரண்டியில் சேராது என்று சின்ன எழுத்தில் இருந்தது. இந்தக் கரையில் மானிட்டர் வாங்குகிற யாரும் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டே காசைக் கொடுக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் வாங்கினாலும் திறந்து கழுவியாக வேண்டும், அதற்கு நம் பழையதையே கழுவலாம்.

என் அனுபவத்துக்கும் எல்லை உண்டு. கழுவிப் பூச்சு அடித்தது என் மானிட்டர் ஒன்றில்தான். இரண்டு வருடத்துக்கு மேலாக நன்றாக ஓடுகிறது, ஆனால் அது கழுவியதாலா பூச்சாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டேன். பழைய பின்விளக்குக் குழாயை எடுத்துவிட்டு எல்.இ.டி. பட்டை வைக்கிற கிட் கிடைக்கிறது. நான் வைத்துப் பார்த்ததில்லை, பேனலையே பிரிக்க வேண்டும் என்பதால் தயங்குகிறேன். என் திரை இப்போது காலையில் போட்டவுடன் கொஞ்சம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது, ஐந்து நிமிடத்தில் வெளுத்துவிடுகிறது. குழாய் வயதாகிவிட்டதற்கு அடையாளம் அது. அது போனால் கிட்டா புதுசா என்று அப்போது யோசிக்க வேண்டும்.

அதுவரை பராமரிப்புக்கு ஒரு காலம் வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி, சுரண்டி, பெயிண்ட் அடிக்கிற நாட்கள். கணக்கு வேலையும் எனக்குக் குறைவு. அப்போதுதான் மூடியைக் கழற்றி, பின்களில் களிம்பு வந்திருக்கிறதா என்று பார்த்து, ஒருமுறை துடைத்து மூடுவேன். இந்த நாட்களில் மானிட்டரைச் சும்மா போட்டுவைப்பதும் தப்பு. தினமும் அரை மணி நேரமாவது ஓடவிட்டால் உள்ளே வருகிற சூட்டில் ஈரம் தங்காது. போன தடைக்காலத்தில் திறந்தபோது பூச்சுப் போட்ட பகுதி முழுதும் பளபளவென்று இருந்தது. டேப் ஒட்டி மறைத்திருந்த ஒரு சாக்கெட்டின் ஓரத்தில் மட்டும் பச்சை தொடங்கியிருந்தது, ஆல்கஹால் பஞ்சால் துடைத்ததும் போய்விட்டது.

மச்சானின் மானிட்டரில் முறுக்கிய கம்பிகளை வெட்டிவிட்டு, ஐந்தையும் சால்டர் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுக் கொடுத்தேன், இப்போது எரிகிறது. கழுவ நேரமில்லை, அவருக்கு அன்றே வேண்டும். வருகிற தடைக்காலத்தில் அதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பேட்டரித் தண்ணீர் ஐந்து லிட்டர் கேன் வாங்கி வைத்தாயிற்று.