வாய்நீர்க் கிட்டா, ரத்தப் பரிசோதனையா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகங்களில் வேலை செய்யும் நம்மூர்த் தம்பிகள் எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் பயப்படுவது வேலை பெர்மிட்டை நினைத்துத்தான். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபோமேமா மருத்துவப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் வேலைக்குத் தகுதியில்லை என்றாகிவிடும். பயம் நியாயமானதே.

அறையிலேயே செய்யும் வாய்நீர்க் கிட்டில் அந்தக் கவலையில்லை. சாப்பிட்டு 15 நிமிடம், பல் துலக்கி 30 நிமிடம் கழியட்டும். கிட்டிலுள்ள குச்சியால் மேல் ஈறில் ஒருமுறை, கீழ் ஈறில் ஒருமுறை தேய்த்து, அதைக் கிட்டிலுள்ள திரவக் குப்பியில் நிறுத்துங்கள். 20 முதல் 40 நிமிடத்துக்குள் பாருங்கள். கிட் வேலை செய்ததைக் காட்டும் 'சி' கோடு இல்லையென்றால் கிட் செல்லாது. தொற்று இருக்கலாம் என்று காட்டும் 'டி' கோடு மங்கலாக வந்தாலும் கிளினிக்கில் உறுதிசெய்தே ஆகவேண்டும்.

ஆனால் கிட்டை நம்ப, ஆணுறையில்லா உறவு போல தொற்று ஆபத்துள்ள சம்பவம் நடந்து 3 மாதம் ஆகவேண்டும். கிளினிக்கில் நரம்பில் ரத்தம் எடுத்துச் செய்யும் ஆன்டிஜென்-ஆன்டிபாடி (கிருமியின் புரதத்தையும் அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் தேடும்) சோதனைக்கு 45 நாள் போதும். இரண்டு மாதத்துக்கு முன் நடந்ததென்றால் அந்த ரத்தப் பரிசோதனைதான் சரி.

சம்பவம் நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லையா? கிட்டைத் தேடி அலையாமல் உடனே டாக்டரிடம் போய் தொற்றைத் தடுக்க 28 நாள் சாப்பிடும் பெப் மாத்திரை கேளுங்கள்.