கேரனா, அக்கிலா, எங்கே போகலாம்? அயர்லாந்தின் இரண்டு திருச்சபைப் பங்குகள்

கிளேர் மாவட்டத்துக் கேரன், சுண்ணாம்புப் பாறை பரந்த பங்கு. மழைக்காலத்தில் நிறையும் ஏரி கோடையில் பாறைப் பிளவுகளுக்குள் வடிந்து மேய்ச்சல் நிலமாகிவிடும். பாறை வெப்பத்தைப் பிடித்துவைப்பதால் குளிர்காலத்தில்தான் மாடுகளை மேட்டுக்கு ஓட்டுகிறார்கள். ஆமாம், குளிர்காலத்தில்! 5,000 ஆண்டுகளுக்கும் பழைய போல்னப்ரோன் கல்திட்டை (பெருங்கற்களாலான கல்லறை) இங்கேதான் நிற்கிறது. 1986இல் தொடங்கிய அகழாய்வில் முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன.

மேயோ மாவட்டத்து அக்கில் தீவில் நேர்மாறு: மக்கிய கருமண் நிலம், அந்தக் காலத்தில் கோடையில்தான் மாடுகளுடன் குடிபெயர்ந்தார்கள். ஸ்லீவ்மோர் மலையடியில் கூரையில்லாத கல்வீடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின் மெல்லக் காலியான ஊர்.

ஒருநாள்தான் கையில் இருக்கிறதா? சரி, என் ஓட்டு கேரனுக்கே. மேகம் இறங்கினால் ஸ்லீவ்மோர் கண்ணிலேயே படாது.